மாமாவின் ஐந்து பர்மனென்ட் மோதிரங்கள்

முத்தாண்டிக்குப்பம்,
சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பழனிவேல் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் இசைப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், ஆடு எல்லோரும் நலம். உங்கள் நலத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. உங்கள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் அது தினமும் படத்துடன் வருகிறது.

முதலில் நான் கவனித்தது ஒரு நிறத்தைத்தான். போன் விளையாட்டில் உங்கள் கோடாலி பூதத்தின் மேல் விழும்போதெல்லாம் அதன் தலைக்கு மேலே ஓர் எண் எழுந்து மறைகிறதே, அது வெள்ளையாக இருந்தது. அடுத்த அடியும் வெள்ளை, அதற்கடுத்ததும் வெள்ளை. வெளுக்கப் போட்ட வேட்டி மாதிரி வரிசையாக வெள்ளை. என்னுடைய அம்புகளுக்குப் பாதிக்குப் பாதி மஞ்சள் வந்தது. வெள்ளை என்றால் சும்மா பட்ட அடி, மஞ்சள் என்றால் படவேண்டிய இடத்தில் பட்டு இரண்டு மடங்கான அடி. இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட நாலு நாளில் கண்டுபிடித்துவிடும். நீங்கள் ஒரு வருஷமாக ஆடுகிறீர்கள், வெள்ளை எண்ணைப் பார்த்து "வுழுது பார்றா அடி!" என்று கத்துகிறீர்கள்.

இந்தக் கடிதத்தை நீங்கள் பாதியில் டி.வி. மேல் வைத்துவிடுவீர்கள், மலர்கொடி அத்தைதான் முடிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே அத்தைக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். அத்தை, மாமா போனில் ஆடும் ஆஷ்கேட் என்பது நாலு பேர் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டு. ஆளுக்கு ஒரு வேஷம். மாமா கோடாலி வைத்த மல்லன். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் யாசின் அண்ணனுக்கு இரட்டைக் கத்தி. உங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்து இன்ஜினியரிங் படிக்கும் அருண்குமார் அண்ணனுக்கு மந்திரக்கோல். நான் தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அம்பு விடுகிறவள். எங்கள் அணிக்கு மாமா வைத்த பெயர் 'சுரங்கச் சிங்கங்கள்'. இந்த நாலு சிங்கங்களும் சேர்ந்து ஓர் இரும்புப் பூதத்தின் உயிரை, நேரம் முடிவதற்குள் கரைக்க வேண்டும். பல மாதமாகக் கரையவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன் ஹாலில் உட்கார்ந்துகொண்டு "அடிங்கடா, அடிங்கடா" என்று ஏன் அலறுகிறார் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். இதற்குத்தான் அலறுகிறார். மந்திரிக்கத் தேவையில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் மாமா. உங்கள் மல்லன் கையில் ஐந்து மோதிரம். ஐந்தும் ஒரே மோதிரம். ஐந்திலும் 'பர்மனென்ட் ஸ்ட்ரென்த்' என்று எழுதியிருக்கிறது. அந்த முதல் வார்த்தையைப் படித்ததும் உங்களுக்கு மேற்கொண்டு படிக்கத் தோன்றவில்லை. சுரங்க வேலையை நம்பி நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வார்த்தையைக் கண்டால் கை தானாகக் கும்பிடும். பெண் கொடுக்கும்போது கேட்பார்கள், வீடு வாடகைக்கு விடும்போது கேட்பார்கள், சீட்டுக் கட்டும்போது கேட்பார்கள், "மாப்ள பர்மனென்ட்டா?" என்று. நீங்கள் மோதிரத்தையும் அப்படியே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

கணக்கைக் கேளுங்கள். ஆயிரங்களை விட்டுவிட்டுச் சொன்னால், உங்கள் கோடாலியின் அடி நூறு. ஒரு மோதிரம் அந்த நூறின் மேல் நாற்பதைக் கூட்டும். நாலு மோதிரத்துக்கு இருநூற்று அறுபது. ஐந்தாவதைப் போட்டால் முந்நூறு. நாற்பது கூடியது என்று நீங்கள் மீசையைத் தடவுகிறீர்கள், ஆனால் இருநூற்று அறுபதுக்கு நாற்பது என்றால் நூற்றுக்குப் பதினைந்துதான். ஆறாவது விரல் முளைத்து இன்னொன்று போட்டால் இன்னும் குறையும். நிரம்பின தொட்டியில் மேலும் மேலும் குடம் கவிழ்ப்பது இதுதான். அந்த ஐந்தாவது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நம் எல்லோரிடமும் சும்மா கிடக்கும் கழுகுக்கண் மோதிரத்தைப் போட்டால், இரண்டு அடிக்கு ஒரு அடி மஞ்சளாக விழும். அது கூட்டாது, பெருக்கும். இருநூற்று அறுபது சராசரியாக முந்நூற்றுத் தொண்ணூறு ஆகும். ஒரு மோதிரம் மாமா. ஒரே ஒரு மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்ன மாதிரி விழிக்க இதில் என்ன இருக்கிறது?

நீங்கள் கழற்ற மாட்டீர்கள். ஏனென்றால் அதைக் கழற்றினால் உங்கள் பக்கத்தில் 'டேமேஜ்' என்று கொட்டை எழுத்தில் வருமே ஓர் எண், அது இறங்கிவிடும். அதைத்தானே போட்டோ பிடித்து ஸ்டேட்டஸில் வைக்கிறீர்கள். அந்த எண் பூதம் இல்லாத ஊரில் எடுத்த எண் மாமா. பெண் பார்க்கப் போகிற இடத்தில் சொல்கிற சம்பளம். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு என்ன வருகிறது என்பதைப் பூதத்தின் தலைக்கு மேல் பார்க்க வேண்டும். அங்கேதான் வெள்ளையாக வருகிறது.

அந்த எண்ணை நீங்கள் போனிலேயே வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. காடாம்புலியூரில் மலர்விழி அக்கா வளைகாப்புப் பந்தியில் என்ன செய்தீர்கள்? நான் எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா வீட்டுத் தனகோடி பெரியப்பா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறார். நீங்கள் யாசின் அண்ணனுக்குப் போன் போட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "டேமேஜு மூணு லட்சத்தத் தாண்டிருச்சுடா" என்றீர்கள். பெரியப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"மூணு லட்சமா? எந்தப் பொயல் காத்துல?" என்றார்.

"காத்துமில்ல மழையுமில்ல மச்சான். எல்லாம் நானா ஏத்தனது."

"நீயா ஏத்தனதா! வி.ஏ.ஓ. ஒத்துக்கினாரா?"

"அவரு யாரு ஒத்துக்கறதுக்கு? நாப்பது பேரு பாத்துட்டு கையெடுத்துக் கும்புட்டுருக்காங்க."

பெரியப்பா பக்கத்து இலையைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு எட்டு முந்திரி மரம் வேரோட சாஞ்சுது. அதுக்கே நான் இன்னும் மனுவ தூக்கினு அலைஞ்சிகினு இருக்கேன். இவனுக்கு மரமே கெடையாது. குவார்ட்டர்ஸுல ஒரு முருங்க இருக்குது, அதுவும் கம்பெனி முருங்க. மூணு லட்சம் டேமேஜாம்!"

பாயசம் வருவதற்குள் மூன்று பேர் எழுந்து வந்து, நிவாரண மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டார்கள். நீங்களாவது நிறுத்தினீர்களா? "ஒண்ணும் கஷ்டமில்ல, ஸ்ட்ரென்த்த ஏத்துங்க. ஏத்தறத பர்மனென்ட்டா ஏத்துங்க" என்று எல்லோருக்கும் புத்தி சொன்னீர்கள். நான் அப்பளத்தை வாயில் வைத்துக்கொண்டு உடைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பந்தியில் நான்தான். பெரியப்பா இன்றைக்கும் உங்களை ஆளும் கட்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, மோதிரம் போகட்டும். பிளட் காண்ட்ராக்ட் உங்களுக்கு என்ன பாவம் செய்தது? திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பத்து நொடிக்கு நம் அடி அப்படியே இரண்டு மடங்கு ஆகும். ஒவ்வொரு அடிக்கும் நம் உயிரில் கொஞ்சம் குறையும். பெரிதாக ஒன்றுமில்லை, நான் அதை விடாமல் அழுத்துகிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை. இந்தப் பொத்தான் நாலு பேருக்கும் உண்டு. யாசின் அண்ணன் ஒருநாள் பணிவாகத்தான் கேட்டார்: "அண்ணே, அந்த பிளட் காண்ட்ராக்ட்ட ஒரு தபா அமுக்கித்தான் பாருங்களேன்." அதற்கு நீங்கள் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"யாசினு, காண்ட்ராக்ட்டுன்னு பேரு வெச்சிருக்கான் பாத்தியா? பத்து செகண்டுல கைய வுட்டுட்டுப் பூடும். பி.எஃப். உண்டா? கிராஜுட்டி உண்டா? நாளைக்கு ஒண்ணுன்னா வந்து நிக்குமா? நமக்கு எதுன்னாலும் பர்மனென்ட்டுதாம்ப்பா."

மாமா, அது பூதத்தை அடிக்கிற பொத்தான். அதற்கு யாரும் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். உங்கள் முந்நூற்றுத் தொண்ணூறை அது எழுநூற்றெண்பது ஆக்கும். பத்து நொடி வந்தாலும் இரண்டு ஆள் வேலையைச் செய்துவிட்டுப் போகிறதே என்று பார்க்காமல், போய்விடுகிறதே என்று இளக்காரம் பேசுகிறீர்கள். இந்த இளக்காரம் எனக்குப் புதிதில்லை. அப்பா கம்மாபுரம் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய் வந்து சட்டையை உதறும்போது விழுகிற கரித்தூளும் உங்கள் சட்டையில் விழுகிற கரித்தூளும் ஒரே கறுப்புதான். ஆனால் நீங்கள் வந்தால் நாற்காலி, அப்பா வந்தால் "வாங்க". தாத்தாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை வந்தது, உங்களுக்கு. அம்மாவுக்கு ஒரு புடவை வந்தது. அது நல்ல புடவை என்று அம்மா இப்போதும் சொல்கிறாள்.

உங்களை மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டால் பாவம். யாசின் அண்ணன் பார்க்கிற பொருளெல்லாம் வேகம். கண்மூடித் திறப்பதற்குள் பத்துக் குத்து குத்துகிறார். கேட்டால், "சின்ன லாபம், நெறைய யாவாரம், அதான் எங்க வாப்பா சொல்லிக் குடுத்த தொழிலு" என்கிறார். பஜாரில் அது சரி. பூதத்தின் இரும்புத் தோல் ஒவ்வொரு அடியிலும் இருபத்தைந்தைத் தின்றுவிடும். முப்பது முப்பதாகக் குத்துகிறவருக்குக் குத்துக்கு ஐந்துதான் மிஞ்சும். நாள் முழுக்கக் கடை திறந்து ஸ்க்ரீன் கார்டு விற்று, கரண்ட் பில் கட்டிவிட்டுப் போவது மாதிரி. அருண்குமார் அண்ணன் மஞ்சள் அடி விழுந்தால் ஐந்து மடங்காக விழும்படி செய்துவைத்திருக்கிறார். நல்லதுதான். ஆனால் நூறு அடியில் ஐந்துதான் மஞ்சளாக விழும். மற்ற தொண்ணூற்றைந்தையும் அவர் கணக்கில் எடுப்பதில்லை. லேப்டாப்பில் கட்டம் கட்டமாக ஒரு கணக்குப் போட்டு, "தியரிட்டிகல் மேக்ஸிமம்" என்று ஒன்றைப் படிப்பார். அந்தக் கட்டங்களில் தினமும் தீபாவளி. பூதத்தின் முன்னால் வருஷத்துக்கு ஒருநாள்தான் தீபாவளி. அரியர் எத்தனை என்று அத்தை கேட்டபோதும் அவர் இப்படித்தான் ஏதோ மேக்ஸிமம் சொன்னார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அம்மா முந்திரி உடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, விளையாட்டிலுள்ள பயிற்சிப் பொம்மையை அடித்துப் பார்த்தேன். ஒரு மோதிரத்தை மாற்றுவது, அடிப்பது, எண்ணைப் பார்ப்பது. அவ்வளவுதான். பயறு வேகிறதா என்று கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்ப்பதற்கு மேல் இதில் ஒரு வித்தையும் இல்லை. நானும் உடைத்துக்கொண்டே ஆடினால் விரலில் முந்திரிப் பால் பட்டுத் திரை வேலை செய்யாது என்பதால், அம்மா என் பங்கையும் சேர்த்து உடைத்தாள். "அந்தப் பொம்மய ஏண்டி இந்த அடி அடிக்கற, அது உன்ன என்னா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

இதை உங்களிடம் வாயால் சொல்லியிருக்கலாம். மைக் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருக்கிறது. அழுத்தினால் மூன்று பேரும் அமைதியாகிவிடுவீர்கள், அந்த அமைதியை நினைத்தாலே என் விரல் பொத்தானை விட்டு விலகிவிடும். பதினொன்றாம் வகுப்பில் பாடத்தை எழுந்து படிக்கச் சொன்னபோதும் இதே அமைதிதான். எழுந்தேன். படிக்கவில்லை. மணி அடிக்கிறவரை நின்றேன். மறுநாளிலிருந்து போகவில்லை. அப்போது நீங்கள்தான் இந்தப் பழைய போனைக் கொடுத்து, "புள்ளைக்குப் பொழுது போவட்டும்" என்றீர்கள். அதற்கு நன்றி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பேருதான் இசை, வாயத் தொறந்தா காத்துகூட வர்ல" என்று பிறகு விளையாட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மைக் மூடியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

வாயால்தான் முடியாது, எழுதலாமே என்று சண்டைக்கு நடுவிலேயே தட்டிப் பார்த்தேன். நான் 'ஒரு மோதிரத்தை' என்று எழுதி முடிப்பதற்குள் பூதம் நம்மை முடித்துவிடும். மறுநாள் காலையில் முழுசாக எழுதி அனுப்பினேன். நீங்கள் கட்டைவிரல் பொம்மை போட்டீர்கள். மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் கட்டைவிரல். யாரோ போட்ட கண்ணீர் அஞ்சலிக்கும் நீங்கள் அதே கட்டைவிரலைப் போட்டதை நான் குடும்பக் குழுவில் பார்த்தேன்.

ஒவ்வொரு சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தோம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் என் கோடுதான் நீளம். உங்கள் கோடு அதில் பாதி. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் மூன்று பேரும் கூடிப் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அருண்குமார் அண்ணன், "டிஸ்ப்ளே எரர் அங்கிள்" என்றார். யாசின் அண்ணன், "புள்ள நல்லா அடிக்குதுண்ணே" என்றார். நீங்கள், "அதெப்புடி? தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினு இருக்கற புள்ள எப்புடி அடிக்கும்? பூதம் என்னையேதான பாத்துகினு இருக்குது? எங்கிட்டதான அதுக்கு பயம்?" என்றீர்கள். ஆமாம் மாமா, பூதம் உங்களையேதான் பார்க்கிறது, உங்களையேதான் அடிக்கிறது. பயத்தினால் என்று நினைக்கிறீர்கள். உங்கள் மீசையைப் பார்த்து எரிச்சல் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இந்த வியாழக்கிழமை நடந்தது.

நான் இந்த அணிக்குள் எப்படி வந்தேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். உங்களோடு வேலை செய்கிற செல்வகுமார் அண்ணனுக்கு ஷிப்ட் மாறியது. நாலாவது ஆள் இல்லாமல் கதவு திறக்காது. "செல்வகுமாரு வர்ற வரைக்கும் நீ காண்ட்ராக்ட்ல இரு இசை, அப்பறம் பாத்து பர்மனென்ட் பண்ணிக்கலாம்" என்றீர்கள். அணிப் பட்டியலில் உங்கள் மூன்று பேர் பெயருக்குப் பக்கத்தில் 'மெம்பர்' என்றிருக்கும், என் பெயருக்குப் பக்கத்தில் 'கெஸ்ட்'. விருந்தாளியாம். வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகப் பாத்திரம் தேய்க்கிற விருந்தாளி. ஆனாலும் தினமும் அந்த நேரத்துக்குப் போனைச் சார்ஜ் போட்டு, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு உட்காருவேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். இந்த ஊரில் என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு "வந்துட்டியா?" என்று கேட்கிற இடம் அது ஒன்றுதான். அதனால் கெஸ்ட் என்றே இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன். அப்பாவிடம்கூட, "என்னையும் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லியிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்குந்தான் சொல்லிகினு இருக்காங்க" என்றார்.

வியாழக்கிழமை சண்டை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து நீங்கள் அருண்குமார் அண்ணனிடம் பேசினீர்கள். நான் போகவில்லை. நான் இருப்பதும் இல்லாததும் ஒரே மாதிரி கேட்பது உங்களுக்கு நினைவில்லை. நீங்கள் சொன்ன வார்த்தை இதுதான்: "வர்ற ஞாயித்துக்கெழமையோட இசைய காண்ட்ராக்ட்லேர்ந்து எடுத்துர்றேன்டா. செல்வகுமாருகிட்டயும் பேசிட்டேன்."

எடுத்துவிடுகிறீர்களாம். சாம்பாரிலிருந்து கறிவேப்பிலையை எடுப்பது மாதிரி. அப்பா கூட வேலை செய்தவர்களையும் இதே வார்த்தை சொல்லித்தான் எடுத்தார்கள், அவர்களுக்காவது கம்பெனி கேட்டில் சொன்னார்கள். நீங்கள் அதுவும் சொல்லவில்லை. அணியிலேயே நீளமான கோட்டை எடுத்துவிட்டு, செல்வகுமார் அண்ணனை வைத்துக்கொண்டு பூதத்தை அடிக்கப்போகிறீர்கள். அவருக்கு நாலு மோதிரம் பர்மனென்ட், ஐந்தாவதுக்கு விண்ணப்பம் போட்டிருப்பார்.

ஆகவே மாமா, நீங்கள் எடுப்பதற்கு முன்னால் நானே போய்விடுகிறேன். இதை என் ராஜினாமாவாக வைத்துக்கொள்ளவும். உங்கள் போன் எனக்கு வேண்டாம், அப்பா திங்கட்கிழமை ஏ ஷிப்ட்டுக்கு வரும்போது இந்தக் கடிதத்தோடு அதையும் கொடுப்பார். உங்கள் ஐந்து மோதிரமும் ஐந்து விரலிலும் நீடூழி இருக்கட்டும். உங்கள் அடிகள் என்றென்றும் வெள்ளையாக விழட்டும். பூதம் உங்களுக்கு முன்னால் ஓய்வுபெற்று, பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகட்டும்.

அத்தைக்கு என் அன்பு. முருங்கைக்கீரை வந்தால் அப்பாவிடம் கொடுத்தனுப்பச் சொல்லவும். அது கம்பெனி முருங்கை என்றாலும் கீரை நன்றாக இருக்கிறது. வாய் திறக்காத பெண்ணின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அக்கா மகள்,
இசைப்பிரியா (கெஸ்ட்)

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். மேலே உள்ளதில் வசவுகளை எல்லாம் கழித்துவிடவும். கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். இத்தனை பக்கம் எழுதியதை அடுப்பில் போட மனம் வரவில்லை. போனையும் அப்பாவிடம் கொடுக்கவில்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், அத்தைக்காக எழுதுகிறேன். கடைசியாக ஒருமுறை வாய் திறக்காமல் இருந்துவிட்டு வரலாம் என்று நானும் உள்ளே போனேன் அத்தை. என் பெயருக்குப் பக்கத்தில் 'மெம்பர்' என்று இருந்தது. வேறு யாருடைய பக்கத்தையோ திறந்துவிட்டேன் என்று வெளியே போய்த் திரும்ப வந்தேன். அப்போதும் மெம்பர்தான். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோல, "இன்னியிலேர்ந்து இசை காண்ட்ராக்ட் கெடையாது. எடுத்தாச்சு. பர்மனென்ட்டு! செல்வகுமாரு இனிமே வர்லையாம், கண்ணு எரியுதாம் அவனுக்கு. லட்டு வாங்கி வெச்சிருக்கேன், உங்கப்பாகிட்ட குடுத்து வுடறேன்" என்றார். யாசின் அண்ணன் கைதட்டினார். காண்ட்ராக்டிலிருந்து எடுப்பது என்றால் இப்படியும் எடுக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாங்கள் அதைப் பார்த்ததில்லை.

பூதம் வந்தது. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பர்மனென்ட் ஆன பிறகும் பேசாமல் இருந்தால் எப்படி என்று தோன்றியது. மைக்கை அழுத்தினேன். "மாமா, ஒரு மோதிரத்தக் கழட்டிட்டு கழுகுக்கண்ணப் போடுங்க. காண்ட்ராக்ட்ட அமுக்குங்க" என்றேன். அந்த அமைதி வந்தது. யாரோ "யாரு பேசறது?" என்றார்கள். மாமா, "எங்க இசைடா!" என்று கத்திக்கொண்டே, நான் சொன்ன இரண்டையும் செய்துவிட்டார். மஞ்சளாக ஓர் எண் எழுந்தது அத்தை, திரையில் பாதிக்கு. மாமா சிரித்தார். இன்னொன்று. இன்னொன்று. நாலாவது அடியில் மாமா செத்துப்போனார். (அத்தை பயப்பட வேண்டாம், விளையாட்டில்தான்.)

"பாத்தியா, காண்ட்ராக்ட்டு கால வாரிடுச்சு" என்றார் தரையில் கிடந்தபடி.

பூதத்திடம் அடி வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு அந்தக் கொஞ்ச உயிரும் முக்கியம் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பயிற்சிப் பொம்மை திருப்பி அடிக்காது. செத்தவனின் அடி பூஜ்யம். எந்த எண்ணால் பெருக்கினாலும் அது பூஜ்யம்தான். அதைவிடப் பெரியது ஒன்றை மாமாவே சொன்னார்: "அந்த மோதரம் அஞ்சும் இருந்தாதான் பூதம் வேற யாரையும் பாக்காம என்னையே அடிச்சிகினு இருக்கும். அதுல பொடி எழுத்துல போட்டுருக்குதே, நீ படிக்கல? உன்ன அடிக்காம இருக்கட்டும்னுதான் போட்டுகினு இருந்தேன். இப்ப உன்னதான் பாக்குது பாரு. ஓடு, ஓடு! தூணுக்குப் பின்னாடி போ!"

பூதம் என் பக்கம் திரும்பியது. இத்தனை மாதத்தில் அதன் முகத்தை நான் பார்த்தது அப்போதுதான்.

நான் தூணை விட்டு வெளியே வந்தேன். மைக்கை அணைக்காமலே காண்ட்ராக்டை அழுத்தினேன்.